முகவாய் அறுவை சிகிச்சை: முதலில் பல் கடிப்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகவாய்க்கட்டையைத் திருத்தும் சிகிச்சைகளைப் பற்றி எழுதும்போது நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்கள் இம்பிளான்ட் (எலும்பின் மேல் வைக்கும் செயற்கைத் துண்டு), எலும்பு வெட்டு, ஃபில்லர் ஊசி (தோலுக்கு அடியில் நிரப்பும் மருந்து) என்று பெயர்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நன்மை தீமை சொல்லி, 'மருத்துவரைக் கலந்து முடிவெடுங்கள்' என்று நிறுத்திவிடுகின்றன. படித்தவர் அவற்றில் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் மருத்துவமனைக்குள் நுழைகிறார். தாடை அறுவை சிகிச்சையிலும் பல் சீரமைப்பிலும் பணியாற்றும் எங்களுக்கு இந்த வரிசை தலைகீழாகப் படுகிறது. எந்தச் சிகிச்சை என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. குறை எந்த எலும்பில், எந்தத் திசையில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை கிடைத்தால் பட்டியலில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

முகவாய் உள்ளடங்கித் தெரிய இரண்டு காரணங்கள் உண்டு. கீழ்த்தாடை முழுவதுமே பின்தங்கியிருக்கலாம். அல்லது தாடை சரியாக இருந்து, அதன் முன்முனை எலும்பு மட்டும் சிறுத்திருக்கலாம். பக்கவாட்டுப் புகைப்படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பல் கடிப்பைப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். இயல்பான கடிப்பில் மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களைவிட 2 முதல் 3 மி.மீ. முன்னே நிற்கும். அந்த இடைவெளி 7, 8 மி.மீ. என்று இருந்தால், குறை பெரும்பாலும் தாடையில்தான். அவருக்கு முகவாயில் மட்டும் இம்பிளான்ட் வைத்தால் பக்கத் தோற்றம் ஓரளவு நிரம்பும். ஆனால் கீழுதடு பின்னாலேயே நிற்கும், உதட்டுக்கும் முகவாய்க்கும் நடுவிலுள்ள மடிப்பு குழிந்துபோகும், கடிப்பு மாறவே மாறாது. அவருக்கு முறையான வழி, பற்களுக்குக் கம்பி கட்டி ஒழுங்குபடுத்தி, கீழ்த்தாடையை இருபுறமும் பிளந்து முன்னே நகர்த்துவது. முன்னும் பின்னும் கம்பி கட்டும் காலத்தையும் சேர்த்தால் ஒன்றரை, இரண்டு வருடம்கூடப் பிடிக்கலாம். அவ்வளவு வேண்டாம், முகவாய் மட்டும் திருந்தினால் போதும் என்று ஒருவர் தெரிந்தே முடிவெடுத்தால் அதில் தவறில்லை. இப்படியொரு வழி இருப்பதையே சொல்லாமல் அவரை அறுவை மேசைக்குக் கொண்டுபோவதுதான் தவறு.

சிறுவயதில் மேல்பற்களில் இரண்டைப் பிடுங்கிக் கம்பி கட்டியவர்களிடம் கடிப்பை மட்டும் நம்பினாலும் ஏமாந்துபோவோம். சிறிய கீழ்த்தாடைக்கு ஏற்ப மேல்பற்களைப் பின்னே இழுத்திருப்பார்கள். கடிப்பு ஒழுங்காகத் தெரியும், தாடை அப்படியே பின்னால் இருக்கும். அதனால்தான் தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரேயான செஃபலோகிராம் இல்லாமல் திட்டம் போடக்கூடாது என்கிறோம். இதன் மறுபக்கமும் உண்டு. கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு முன்னே கடித்தால், துருத்தி நிற்பது முகவாயாகத் தெரிந்தாலும் நீண்டிருப்பது கீழ்த்தாடையாகவோ, பின்தங்கியிருப்பது மேல்தாடையாகவோ இருக்கலாம். அங்கே முகவாயைச் சீவுவது தவறான எலும்பில் கைவைப்பதாகும். பலத்த குறட்டை, பகலில் அடக்க முடியாத தூக்கம் உள்ளவர்கள் உறக்கப் பரிசோதனையை முதலில் முடித்துவிட வேண்டும். தாடை சிறுத்து மூச்சுப்பாதை குறுகியிருந்தால் அழகைவிட அதுதான் அவசரம், அதற்குத் திட்டமும் வேறு.

தாடை சரி, குறை முகவாயில்தான் என்று உறுதியான பிறகு அளவெடுக்க வேண்டும். நேராக நின்று, தொலைவில் உள்ள ஒரு புள்ளியைப் பார்த்தபடி, உதடுகளைத் தளர விட்ட நிலையில் பார்ப்பது முக்கியம். மூக்கின் அடியிலிருந்து முகவாய் நுனி வரையுள்ள உயரத்தில் மேலுதட்டுப் பங்கு ஒன்று என்றால், கீழுதடும் முகவாயும் சேர்ந்து இரண்டு பங்கு. இந்தக் கணக்கு பிசகினால் குறை முன்பின் திசையில் மட்டும் இல்லை, உயரத்திலும் இருக்கிறது. தளர்ந்த நிலையில் உதடுகளுக்கிடையே 3 மி.மீ. வரை இடைவெளி இருப்பது இயல்பு. அதற்கு மேல் இருந்து, வாயை மூட முயலும்போது முகவாய்த் தோல் சுருங்கிப் புள்ளி புள்ளியாகக் குழிந்தால், மென்டாலிஸ் என்ற முகவாய்த் தசை அளவுக்கு மீறி உழைக்கிறது என்று அறியலாம். முகவாய் பின்தங்கியோ மிக நீண்டோ இருப்பதன் அடையாளம் அது. கீழுதட்டு மடிப்பின் ஆழம் 4 மி.மீ. அளவில் இருப்பது பொதுவான கணக்கு. ஆண்களுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஏற்கெனவே ஆழமான மடிப்பு உள்ளவருக்கு முகவாயை நேராக முன்னே தள்ளினால் மடிப்பு இன்னும் ஆழமாகி, முகவாய் தனியே ஒட்டவைத்ததுபோல் ஆகிவிடும். இந்த ஒரு அளவைப் பார்க்காமல் விட்டதாலேயே கெட்டுப்போன முகங்கள் பல. சிரிக்கச் சொல்லியும் பார்க்க வேண்டும்: சிரிக்கும்போது முகவாய்ச் சதை கீழே இறங்கினால் அங்கே எலும்பு வேலை மட்டும் போதாது. முன்பக்கமிருந்து பார்த்து, முகவாயின் நடுக்கோடு பல் நடுக்கோட்டோடும் மூக்கோடும் ஒத்துப்போகிறதா என்றும் குறித்துக்கொள்ள வேண்டும்.

புத்தகங்களில் உள்ள இந்த அளவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய முகங்களை வைத்து வகுக்கப்பட்டவை. உதடுகள் தடித்து முன்னே நிற்கும் முகத்தில் அந்த அளவுகளை அப்படியே பொருத்தினால் முகவாயைத் தேவைக்கு மேல் நீட்டிவிடுவோம். அளவு ஒரு துணை மட்டுமே.

சிகிச்சைகளுக்கு வருவோம். எலும்பையே வெட்டி நகர்த்துவது ஜீனியோபிளாஸ்டி. 1942இல் ஹோஃபர் என்ற அறுவை மருத்துவர் இதைச் சடலத்தில் செய்து விவரித்தார். 1957இல் ட்ரௌனரும் ஒப்வெகேசரும் வாய்க்குள்ளிருந்தே செய்யும் வழியைக் காட்டினர். இன்றும் அடிப்படை அதுதான். பொது மயக்கம் கொடுத்து, கீழுதட்டின் உட்புறத்தில், ஈறிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தள்ளிக் கீறுவார்கள். ஈறை ஒட்டிக் கீறினால் பின்னர் தைப்பதற்குத் தசை மிஞ்சாது. இருபுறமும் முன்கடைவாய்ப் பற்களுக்கு அடியில் உதட்டுக்கு உணர்ச்சி தரும் மென்டல் நரம்பு எலும்புத் துளையிலிருந்து வெளியே வரும். அதைக் கண்டுபிடித்துக் காக்க வேண்டும். எலும்புக்குள் அந்த நரம்பு துளையைவிடத் தாழ ஓடி, பிறகு மேலேறி வெளிவருகிறது. ஆகவே வெட்டு துளைக்குக் குறைந்தது 5 முதல் 6 மி.மீ. கீழே போக வேண்டும். முன்பக்கத்தில் கோரைப்பல்லின் வேர்தான் மிக நீளம். அதன் நுனிக்கும் 5 மி.மீ. கீழே இருக்க வேண்டும். சி.டி. ஸ்கேனில் இவ்விரண்டையும் முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டால் மேசையில் தடுமாற்றம் இல்லை.

வெட்டிய துண்டை மேசை இழுப்பறையை இழுப்பதுபோல் முன்னே நகர்த்தி, படிபோல் வளைந்த டைட்டானியம் பிளேட்டும் திருகாணிகளும் போட்டு நிறுத்துவார்கள். 4, 6, 8, 10 மி.மீ. என்று அளவு வாரியாக வளைத்த பிளேட்டுகள் கிடைக்கின்றன. பொதுவாக 8 முதல் 10 மி.மீ. வரை பாதுகாப்பாக நகர்த்தலாம். அதற்கு மேல் போனால் எலும்போடு எலும்பு தொடும் பரப்பு குறைந்துவிடும். எலும்பு முன்னே நகரும் அளவில் முக்கால் பங்குக்கு மேல் வெளியே தோலிலும் தெரியும், அதனால் கணக்கு ஓரளவு நம்பகமானது. துண்டின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தசைகளைப் பிய்க்கவே கூடாது. இரத்த ஓட்டம் அவற்றின் வழியாகத்தான் வருகிறது. பிய்த்தால் எலும்பு மெல்லக் கரையும். அந்தத் தசைகளும் முன்னே இழுபடுவதால் கழுத்துக் கோடு சற்று இறுகித் தெளிவாவது கூடுதல் பலன். இம்பிளான்டில் இது கிடைக்காது.

வெட்டின் சாய்வைப் பற்றி நோயாளிகளிடம் யாரும் பேசுவதில்லை; முடிவை அது வெகுவாக மாற்றுகிறது. வெட்டு முன்னால் உயர்ந்து பின்னால் தாடையின் கீழ்விளிம்பை நோக்கிச் சரிகிறது. அந்தச் சரிவு அதிகமானால் முன்னே நகரும் துண்டு மேலேயும் ஏறி, முகவாயின் உயரம் குறையும். நீண்ட முகவாய்க்கு அது உதவி, குட்டையான முகவாய்க்குக் கேடு. உயரத்தைக் கூட்ட வேண்டியவருக்குத் துண்டைக் கீழே இறக்கி, இடைவெளியில் எலும்புத் துண்டோ, எலும்பில் உள்ள தாதுப்பொருளான ஹைட்ராக்சிஅபடைட் கட்டியோ வைக்கலாம். ஆழ்ந்த மடிப்பு உள்ள குட்டை முகவாய்க்கு இதுவே பொருத்தம். உயரத்தைக் குறைக்க, இணையான இரண்டு வெட்டுகள் போட்டு நடுவில் உள்ள பட்டையை எடுப்பார்கள். கோணலாக இருந்தால் துண்டைப் பக்கவாட்டில் நகர்த்தலாம், ஒருபக்கம் மட்டும் ஆப்பு வடிவில் எடுக்கலாம். கோணல் முகவாயில் இம்பிளான்டைப் பொருத்திச் சரிக்கட்டுவது எங்கள் பார்வையில் வீண் முயற்சி.

தவறுவது எங்கே? வெட்டு பின்னால் போதிய தூரம் போகாமல் நின்றுவிட்டால், துண்டு முடியும் இடத்தில் தாடையின் கீழ்விளிம்பில் பள்ளம் விழும். வயது ஏறஏற அது எடுப்பாகத் தெரியும். கடைசியில் மென்டாலிஸ் தசையை அதன் பழைய உயரத்தில் தனி அடுக்காகத் தைக்காமல் மேல்தோலை மட்டும் மூடினால் முகவாய்ச் சதை தொங்கும், கீழுதடு இறங்கி, பேசும்போது கீழ்ப்பற்கள் அதிகம் தெரியும். இதைப் பின்னால் சரிசெய்வது முதல் அறுவையைவிடக் கடினம். தற்காலிக மரத்துப்போதல் ஏறத்தாழ எல்லோருக்கும் உண்டு. வாரங்களிலோ சில மாதங்களிலோ மீளும். சிலருக்கு ஒரு பகுதி மரத்தே நின்றுவிடும். ஒரு வருடம் கழிந்தும் திரும்பாத உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை என்பதை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இம்பிளான்டை நாங்கள் வெறுப்பவர்கள் அல்லர். கடிப்பு ஒழுங்காக, உயரம் சரியாக, மடிப்பு ஆழமில்லாமல், முன்பின் திசையில் மட்டும் சில மி.மீ. குறைவு உள்ளவருக்கு அது நல்ல சிகிச்சை. நேரம் குறைவு, உள்ளூர் மரப்பு ஊசியும் லேசான மயக்கமும் போதும். சிலிக்கான் இம்பிளான்டைச் சுற்றி உடல் ஓர் உறையைக் கட்டும், ஆகவே தேவைப்பட்டால் எளிதில் எடுத்துவிடலாம். துளைகள் கொண்ட பாலிஎதிலீனுக்குள் திசு வளர்ந்து பிடித்துக்கொள்ளும். நகராது, ஆனால் எடுக்க நேர்ந்தால் பிய்த்தெடுக்க வேண்டிவரும். 'நகராது' என்பதை மட்டும் சொல்லி, 'எடுப்பது கடினம்' என்பதை விட்டுவிடுகிறார்கள். நடுவில் மட்டும் பொத்தான் அளவில் உட்காரும் பழைய வடிவம், முகவாயைக் குமிழ்போல் ஆக்கி இருபுறமும் பள்ளம் காட்டும். இருபுறமும் இறகுபோல் மெலிந்து நீளும் வடிவம் தாடைக் கோட்டோடு கலந்துவிடும். அந்த இறகுகள் மென்டல் நரம்புக்குக் கீழே செல்ல வேண்டும். மேலேறி நரம்பை அழுத்தினால் மரப்பும் குத்தும் வலியும் வரும்.

முகவாயின் அடியில் 2 முதல் 3 செ.மீ. கீறி வைத்தால் தழும்பு இருக்கும், ஆனாலும் இம்பிளான்டைக் கீழ்விளிம்பில் துல்லியமாக உட்கார வைக்கலாம். வாய்க்குள்ளிருந்து வைத்தால் தழும்பில்லை. எச்சில் படுவதால் கிருமித்தொற்றுக்கு வாய்ப்பு கூடுதல், மேல்நோக்கி நகரவும் இடமுண்டு. மேல்நோக்கி நகர்வதை ஏன் அஞ்ச வேண்டும் என்றால், கீழ்விளிம்பில் எலும்பு கெட்டி; மேலே பல்வேர்களைப் போர்த்தியிருக்கும் எலும்பு மெல்லியது. இம்பிளான்டுக்கு அடியில் எலும்பு சிறிதளவு தேய்வது பலருக்கும் நடக்கிறது. கெட்டி எலும்பில் அது பெரும்பாலும் ஓர் அளவில் நின்றுவிடும். மேலே உட்கார்ந்திருந்தால் தேய்மானம் பல்வேர் வரை போகலாம். திருகாணி போட்டு நிறுத்துவது இதற்காகத்தான். சில ஆண்டுகள் கழித்துப் பல் கூசினாலோ, ஒரு பல் நிறம் மாறினாலோ எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். பெரிய இம்பிளான்டை எடுத்துவிட்டு அப்படியே மூடினால் விரிந்திருந்த தோல் தளர்ந்து தொங்கும். அதனால் பல நேரங்களில் எடுக்கும் அன்றே எலும்பை முன்னே நகர்த்தி அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது.

பெரிய முகவாயைச் சிறிதாக்குவது, சிறியதைப் பெரிதாக்குவதைவிடக் கடினம். இதை வாசகர்கள் பலர் எதிர்பார்ப்பதில்லை. எலும்பைத் தேய்த்துக் குறைத்தால், எடுத்த அளவில் ஏறத்தாழ கால் பங்கு, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்குதான் வெளியே தெரியும். தோலும் சதையும் அப்படியே இருப்பதே காரணம். அவற்றைத் தாங்கிய எலும்பு போனதால் சதை உருண்டு தொங்கவும் தொடங்கும். ஆகவே 5 மி.மீ. தேய்த்தால் 5 மி.மீ. குறையும் என்று எண்ணி யாரும் சம்மதிக்க வேண்டாம். உயரம்தான் மிகுதி என்றால் நடுப்பட்டையை எடுக்கும் வெட்டு நல்லது, கீழ்விளிம்பும் அதில் ஒட்டிய தசைகளும் அப்படியே மேலே வரும். முன்னே துருத்துவதைப் பின்னே தள்ளலாம். கழுத்துத் தசைகள் தளர்ந்து இரட்டை முகவாய் தோன்றும் வாய்ப்பை முன்பே எடைபோட வேண்டும். அகலமான முகவாய்க்கு, குறுக்கு வெட்டோடு நடுவில் செங்குத்தாக இரு வெட்டுகள் போட்டு 6 முதல் 10 மி.மீ. பட்டையை எடுத்து இரு பாதிகளையும் சேர்ப்பார்கள். ஓரங்களில் விழும் படியைச் சீவாமல் விட்டால் கைக்குத் தட்டுப்படும். சிரிக்கும்போது சதை இறங்கும் முகவாய்க்கு அடிப்புறக் கீறல் வழியாக மிகைச் சதையையும் தோலையும் எடுக்க வேண்டும். அங்கே தழும்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஃபில்லர் ஊசி 2, 3 மி.மீ. குறைவுக்கும், மாற்றம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்க நினைப்பவருக்கும் ஏற்றது. ஹயலூரானிக் அமிலம் 1 முதல் 2 மி.லி. எலும்பை ஒட்டி ஆழத்தில் போடுவார்கள். ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம் நிற்கும். பிடிக்காவிட்டால் ஹயலூரானிடேஸ் ஊசியால் கரைக்கலாம். மற்ற வகை ஃபில்லர்களுக்கு இந்த வசதி இல்லை. கரையாத திரவ சிலிக்கானை முகவாயில் ஏற்றிக்கொள்ளவே கூடாது. மருந்து இரத்தக் குழாய்க்குள் போய்விடுவதுதான் பெரிய ஆபத்து: கடும் வலி, தோல் வெளுத்துப் போதல், பின்னர் வலைபோல் நீலம் பாய்தல். இதைக் கண்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று காத்திருக்கக்கூடாது, சில மணி நேரத்துக்குள் கரைக்கும் மருந்து போக வேண்டும். பார்வை மங்கினால் அது அவசர நிலை. கரைக்கும் மருந்தைக் கையில் வைத்திருக்கிறீர்களா என்று ஊசிக்கு முன்பே கேளுங்கள். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். சொந்தக் கொழுப்பை எடுத்து ஏற்றினால் கணிசமான பகுதி கரைந்துவிடும், எவ்வளவு நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கழுத்தடிக் கொழுப்பால் முகவாய் சிறுத்துத் தெரிபவர்களுக்குக் கொழுப்பை உறிஞ்சினாலே போதுமானதாக இருக்கலாம். முகவாய்த் தோலில் புள்ளிக்குழி மட்டும் தொந்தரவு என்றால் போட்டுலினம் ஊசி தசையைத் தளர்த்தும். சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும்.

எந்த அறுவையானாலும் தாடை வளர்ச்சி நின்றபின் செய்வதே சரி. பையன்களுக்குத் தாடை பதின்பருவத்தின் கடைசி வரை வளரும். சொத்தைப்பல், ஈறு வீக்கம் இருந்தால் முதலில் அதை முடிக்க வேண்டும். புகைப்பவர்கள் முன்னும் பின்னும் சில வாரங்கள் நிறுத்தாவிட்டால் காயம் ஆறுவது தடைபடும். எலும்பு மெலிந்து பலவீனமாகும் நோய்க்கு பிஸ்பாஸ்பனேட் மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் அதில் உண்டு. இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக்கூடாது; அதை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்டே நிறுத்த வேண்டும். உதட்டின் உணர்ச்சியை அறுவைக்கு முன் சோதித்துக் குறித்து வைத்தால்தான் பின்னர் ஒப்பிட முடியும்.

அறுவைக்குப் பின் முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், தலை உயர்த்திப் படுக்கை, பிளாஸ்டர் பட்டை ஐந்தாறு நாள், மென்மையான உணவு இரண்டு வாரம், ஒவ்வொரு முறை சாப்பிட்ட பின்னும் வாய் கொப்பளிப்பு. இரண்டாம் மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் நாக்குக்கு அடியில் வீங்கி நாக்கு மேலே தள்ளப்பட்டால், எச்சில் விழுங்க முடியாமல் போனால், மூச்சு திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாயின் அடித்தளத்தில் இரத்தம் கட்டி மூச்சுப்பாதையை அடைக்கும் ஆபத்து அபூர்வம்தான், ஆனாலும் எலும்பு வெட்டு செய்துகொண்டவர்களுக்கு அதைச் சொல்லி அனுப்ப வேண்டும். இறுதி வடிவம் தெரிய ஆறு மாதம் ஆகும். முதல் மாத வீக்கத்தைப் பார்த்து மறு அறுவை கேட்பவர்களும், அதற்குச் சம்மதிப்பவர்களும் அவசரப்படுகிறார்கள்.

தங்கள் இதழுக்கு ஒரு கோரிக்கை. முன்–பின் புகைப்படங்களை வெளியிடும்போது இரண்டிலும் தலை ஒரே நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். தலையைச் சற்று நிமிர்த்தினாலே முகவாய் முன்னே வந்ததுபோல் தெரியும்; உதட்டை இறுக்கினாலும் தளர்த்தினாலும் தோற்றம் மாறும். கேமராவை மிக அருகில் வைத்து எடுத்தால் மூக்கு பெருத்து முகவாய் சிறுக்கும். அறுவைக்குப் பின் எத்தனை மாதத்தில் எடுத்த படம், எலும்பை நகர்த்தினார்களா அல்லது இம்பிளான்ட் வைத்தார்களா, எத்தனை மி.மீ., கூடவே மூக்கிலோ கழுத்திலோ வேறு ஏதேனும் செய்தார்களா என்ற நான்கு விவரங்களையும் படத்தின் கீழ் அச்சிடுங்கள். அவற்றைத் தர மறுப்பவர்களின் படங்களைத் தயவுசெய்து வெளியிடாதீர்கள்.

இப்படிக்கு,
தாடை அறுவை சிகிச்சை மற்றும் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சிலர்